மாஸ்க் போட்டால் புறாவுக்குத் தெரியாது

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் வந்து உட்கார்ந்த புறாவை ராசாத்தி துண்டை வீசி விரட்டினாள். அது எழும்பி, பந்தல் கம்பில் ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு, பழையபடி அதே இடத்தில் இறங்கியது. இறங்கியதோடு விடாமல், உள்ளே படுத்திருந்த அரியமுத்துவின் முகத்துக்கு நேராக நடந்துபோய்க் கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்தது.

ஒப்பாரி சட்டென்று நின்றது.

"பாத்தீங்களா, வாயில்லா சீவன்!" என்று ஒரு கிழவி மாரில் கை வைத்தாள். "அவருதான் புறாவா வந்து உக்காந்திருக்காரு."

"அவரு பொட்டிக்குள்ள இருக்காரு, இது பொட்டிக்கு மேல இருக்கு. ரெண்டு எடத்துல எப்புடி இருப்பாரு?" என்றாள் ராசாத்தி. புருசனைப் பறிகொடுத்தவள் பேசுகிற பேச்சா இது என்று நாலைந்து தலைகள் திரும்பின. திரும்பட்டும். விடியற்காலையில் மூச்சு நின்றதிலிருந்து அவள் அழுது முடித்து, காபி போட்டு, பந்தல்காரனோடு சண்டை போட்டு, மறுபடி அழுது, இப்போது புறா விரட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புறாவுக்கு 'செக்கர்' என்று பெயர். அரியமுத்து அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையரானவர். மொட்டைமாடியில் வளர்த்த புறாக்களுக்கெல்லாம் பஸ் பெயர்தான். கைப்பிடிச்சுவர் விளிம்பிலேயே தொங்கிக்கொண்டிருப்பது 'புட்போர்டு'. எதற்கும் உதவாமல் மூலையில் கிடப்பது 'ஸ்டெப்னி'. எங்கே எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து மூக்கை நுழைத்துச் சோதிப்பது 'செக்கர்'. இன்றும் அது தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, அத இன்னுமா வெரட்டல?" மகன் ஜெயசீலன் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவன் இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. "அப்பாவக் கொன்னதே அதுங்கதான். இப்ப வந்து மரியாதை செலுத்துதா?"

அவன் கையை ஓங்கியதும் செக்கர் பறந்து மாடிக்குப் போனது. கண்ணாடியில் ஒரு பஞ்சு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. ராசாத்தி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதை எடுத்து வெளியே போட்டாள். மூக்கைப் பொத்தியது, அவரும் பார்த்துச் செய்யட்டும் என்று செய்து செய்து வந்த பழக்கதோசம். இனி யாருக்காக?

வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். எப்படி ஆச்சு? கேட்டுவிட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அரியலூரில் யார் இருமினாலும் அது சிமெண்டுத் தூசி. இங்கே தும்மினால்கூடத் தெருவில் நாலு பேர் சுண்ணாம்புக்கல் லாரியைத் திட்டுவார்கள்.

"சிமெண்டுதான? சொல்லவே வேணாம்," என்றார் கடைத்தெரு ராசாங்கம்.

"இல்லீங்க. புறா."

"புறாவுல எங்கேருந்து சிமெண்டு?"

"சிமெண்டு இல்லீங்க. புறா எச்சம், புறா எறகு. அந்தத் தூசி."

"பீடி சிகரெட்டு உண்டோ?"

"கிடையாது."

"பின்ன சிமெண்டுதாம்மா," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் நாற்காலி தேடிப் போனார்.

இரண்டு வருசமாக ராசாத்தி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிப் பாதி டாக்டராகியிருந்தாள். முதலில் விசில்தான் காட்டிக்கொடுத்தது. மாலையில் மாடியில் நின்று, வேலையிலிருந்தபோது ஊதிய அதே விசிலை ஊதித்தான் அவர் புறாக்களை இறக்குவார். ஒருநாள் பாதி ஊதலில் காற்று நின்றுபோனது. 'விசிலு கெட்டுப்போச்சி' என்று புது விசில் வாங்கிவந்தார். அதுவும் கெட்டுப்போயிருந்தது. மூன்றாவது விசிலோடு ராசாத்தி அவரைத் திருச்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமைசாலி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, நுரையீரலின் அடியில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரிந்ததைக் காட்டினார்.

"புறாத்தூசி ஒண்ணும் விஷம் இல்லம்மா. பல பேருக்கு அது ஒண்ணும் பண்ணாது. இவரு ஒடம்புல இருக்கற எதிர்ப்பு சக்தி, அதப் பெரிய எதிரின்னு நெனச்சிக்கிச்சு. ஒவ்வொரு தடவ அந்தத் தூசி உள்ள போறப்பவும் சண்டை. சண்டை எங்க நடக்குது? நுரையீரலுக்குள்ள. தூசியால நுரையீரல் கெடல, இந்தச் சண்டையாலதான் கெடுது. சண்டை நடந்த எடமெல்லாம் தழும்பாகி எறுகிப்போச்சு. எறுகின எடத்துல மூச்சு போகாது."

"ஒண்ணுமில்லாததுக்கு வரிஞ்சுகட்டிப் போயி, கடைசியில சொந்த வூட்டு ஓட்ட ஒடச்சுக்கறது," என்றாள் ராசாத்தி. "அவங்க குடும்பத்துக்கே அதான் வழக்கம் டாக்டர்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். அரியமுத்து அடக்கவில்லை. சிரித்து, இருமி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

வைத்தியம் இரண்டு. முதலாவது, எதிர்ப்பு சக்தியைத் தணிக்கிற மாத்திரைகள். இரண்டாவதுதான் முக்கியம் என்றார் டாக்டரம்மா. புறா வீட்டில் இருக்கக் கூடாது.

இரண்டாவதில்தான் ராசாத்தியின் உயிர் போனது.

முதல் தடவை, புறாக்களைக் கூடையில் அடைத்துப் பூலாம்பாடியில் இருக்கும் நாத்தனார் சின்னப்பிள்ளை வீட்டுக்கு அவளே பஸ் ஏறிக் கொண்டுபோய் விட்டாள். சின்னப்பிள்ளை நல்ல மனசோடு அப்போதே கூடையைத் திறந்துவிட்டு, ஒரு தட்டில் அரிசி வைத்தாள். ராசாத்தி திரும்பி வந்த பஸ் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று நிதானமாக டீ குடித்துவிட்டு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மாடியில் எல்லாம் ஆஜர். அரியமுத்து கம்பு தூவிக்கொண்டிருந்தார். "டிக்கெட்டு எடுக்காமலே வந்துடுச்சுங்க," என்றார், என்னமோ பிள்ளைகள் முதல் மார்க் வாங்கினதுபோல. இரண்டாம் தடவை கங்கைகொண்ட சோழபுரத்துக்கு. கோயில் கோபுரத்தில் அத்தனை புறா இருக்கிறதே, சேர்ந்துகொள்ளும் என்று நம்பினாள். இவை அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டன. பந்தயப் புறா. வீடு திரும்புவதற்கென்றே பிறந்தவை.

கடைசியில் அவளே இறங்கிவந்தாள். "சரி, இருந்து தொலையட்டும். மேல போறப்ப மாஸ்க்காவது போடுங்க." மாஸ்க் முழுசாகக் காப்பாற்றாது, புறாவைத்தான் அனுப்ப வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அதுவாவது. மெடிக்கலில் நல்ல கெட்டி மாஸ்க்காகப் பார்த்து ஒரு பெட்டி வாங்கிவந்து அலமாரியில் வைத்தாள்.

அவர் அதைப் பிரிக்கவில்லை.

"மாஸ்க்கு போட்டா அதுங்களுக்கு என்னையத் தெரியாது."

"தெரியாட்டி என்னா? அதுங்க என்னா ரேஷன் கார்டா கேக்கப் போவுதுங்க?"

"பயந்துக்கும் ராசாத்தி."

"நீங்க செத்துப்போனா பயப்படாதா?"

அதற்கு அவர் கண்ணாடி முன்னால் போய் நின்றார். மாத்திரையால் முகம் உப்பிப் பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தது. வருசக்கணக்காக அவர் பஸ்ஸில் போய்வந்தவர்களே தெருவில் அடையாளம் தெரியாமல் அவரைத் தாண்டிப் போனார்கள். "இந்த மூஞ்சியில மூக்கும் மீசையுந்தான் பழைய அரியமுத்து," என்றார். "அதையும் மூடச் சொல்றியா?"

ராசாத்திக்கு இன்னும் கோபம்தான் வந்தது. பிரிக்காத பெட்டி அலமாரியில் இருந்தபடியே இருந்தது.

*

மத்தியானம் பூலாம்பாடி வேன் வந்தது. தெருமுனையிலேயே சின்னப்பிள்ளையின் குரல் கேட்டுவிட்டது. ஓடிவந்து பெட்டியில் முகத்தை மோதிக்கொண்டு அழுதாள். அப்புறம் ராசாத்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான் ஒப்பாரியில் சேதி வந்தது.

"ஊரு ஒலகமெல்லாம் எதிர்ப்பு சக்தி தேடயில... எங்கண்ணனுக்கு மட்டும் கொறச்சாங்களே... மாத்திரையப் போட்டுக் கொறச்சாங்களே..."

ராசாத்தியின் அழுகை நின்றது. பிடி மட்டும் விடவில்லை. அதே ராகத்தில் எடுத்தாள்.

"கொறக்கச் சொன்னது டாக்டரு... கூட்டித் தொலச்சது யாரு... கசாயங் காய்ச்சிக் கொண்டாந்தது யாரு..."

சுற்றியிருந்த பெண்கள் எந்தப் பக்கம் சேர்ந்து அழுவது என்று தெரியாமல் பொதுவாக அழுதார்கள்.

கொரோனா வந்துபோனதிலிருந்து சின்னப்பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி என்றால் குலதெய்வம் மாதிரி. ஒடம்பைக் காக்கிற ஒரே சாமியை மாத்திரை போட்டுக் கட்டிப்போடுகிற டாக்டர், டாக்டரே இல்லை என்பது அவள் கட்சி. அண்ணன் நோயில் விழுந்ததும் நிலவேம்பு, மிளகு, இன்னும் பேர் தெரியாத வேர்களைப் போட்டுக் காய்ச்சிய கசாயத்தோடு பஸ் ஏறி வந்தாள். "அண்ணே, அந்த மாத்திரைய நிறுத்து. இத ஒரு மண்டலம் குடி. சக்தி வந்துடும்." தங்கச்சி சொல்லை அரியமுத்து என்றைக்குத் தட்டினார்? மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசாயத்தைக் குடித்தார். மாத்திரை நின்றது ராசாத்திக்குத் தெரியவந்தபோது அவரைத் தூக்கிக்கொண்டுதான் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. அந்தத் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரோடு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அது இரவும் பகலும் மாவு மில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். படியேறுவது நின்றது. புறாக்கள் படியிறங்கி ஜன்னலுக்கு வர ஆரம்பித்தன. இவள் விரட்டுவாள். ஜன்னலைச் சாத்துவாள். அவர் சாத்திய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். இவள் திட்டிக்கொண்டே போய்த் திறப்பாள். தூசி வருமே என்று மறுபடி சாத்துவாள்.

இன்று காலை அந்த மெஷினை நிறுத்தியது அவள்தான். நிறுத்தியதும் வந்த அமைதியில் மாடியிலிருந்து குறுகுறு என்று அவற்றின் சத்தம் தெளிவாகக் கேட்டது.

*

எடுப்பதற்கு முன்னால் ஜெயசீலன் ஒரு முடிவோடு வெள்ளைச்சாமியைக் கூட்டிவந்தான். வெள்ளைச்சாமி பக்கத்துத் தெரு. அரியமுத்துவுக்குப் புறாப் பைத்தியத்தை ஒட்டவிட்டவர். அதனாலேயே இரண்டு வருசமாக ராசாத்தியின் கண்ணில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தவர்.

"மாமா, எங்கப்பா வெளிய போறதுக்குள்ள அதுங்க வெளிய போகணும்," என்றான் ஜெயசீலன்.

"போற எடத்துல நிக்காது மாப்ள. குஞ்சுல எடுத்துட்டுப் போனா அங்கனயே தங்கும். பறந்து பழகினது தங்காது."

"அப்ப கறிக்கடையில போடுங்க."

வெள்ளைச்சாமி ராசாத்தியைப் பார்த்தார். ராசாத்தி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். இரண்டு வருசம் அவள் கத்திக் கத்திக் கேட்டது இதைத்தான். 'இதுங்கள அடிச்சிக் கொழம்பு வச்சாத்தான் எனக்கு நிம்மதி' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். இப்போது யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுகிற ஆள் பெட்டிக்குள் இருந்தார்.

"அதெல்லாம் இன்னைக்கு வேணாம் தங்கச்சி," என்று அவள் சொல்லாததற்கு வெள்ளைச்சாமியே பதில் சொன்னார். "விழுப்புரத்துப் பக்கம் ஒருத்தன் இருக்கான். எம் மச்சினன் லாரி அங்கதான் லோடு எடுக்கப் போவுது. கூடையில குடுத்துவிடறேன்."

"செய்யுங்க அண்ணே," என்றாள்.

ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக்கொண்டு வெள்ளைச்சாமி மாடியேறினார். விசில் சத்தம் நீளமாக, முழுசாக, ஒரு மூச்சில் வந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அந்தச் சத்தம் அந்த வீட்டில் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. ராசாத்தி அனிச்சையாக ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, தன் புத்தியைத் தானே நொந்துகொண்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கூடை இறங்கி, அவளைத் தாண்டிப் போனது. மூங்கில் இடுக்கில் செக்கரின் கண் ஒரு பக்கமாகத் தெரிந்தது. அப்புறம் மேளம் அடித்தார்கள். தூக்கினார்கள். தெருமுனை வரை போய்ப் பெண்கள் நின்றார்கள்.

சாயங்காலம் வீட்டைக் கழுவிவிட்டபின் சின்னப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒப்பாரிக் குரல் போய், அவளுக்கு வயசுக்குப் பொருந்தாத சின்னக் குரல் வந்திருந்தது.

"அண்ணி."

"ம்."

"அந்தக் கசாயத்த நான் கொண்டாந்திருக்கக் கூடாது, இல்ல?"

இந்தக் கேள்விக்காக ராசாத்தி எத்தனையோ மாதமாகக் காத்திருந்தாள். பாத்திரம் கழுவும்போதெல்லாம் பதிலைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருந்தாள். கேட்டால் இதைச் சொல்ல வேண்டும், அப்புறம் இதை, அழுதாலும் விடாமல் இதை. இப்போது கேட்டுவிட்டு சின்னப்பிள்ளை கழுவிய தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் பெருவிரல், அண்ணனுக்கு இருந்தது மாதிரியே, வெளிப்பக்கம் வளைந்திருந்தது. அதை இத்தனை வருசத்தில் ராசாத்தி இன்றைக்குத்தான் கவனித்தாள்.

"ஒங்கண்ணன் எங்க குடிச்சாரு?" என்றாள் ராசாத்தி. "கசக்குதுன்னு கொல்லைப்பக்கம் ஊத்திட்டாரு. நீ மனசு சங்கடப்படுவன்னு சொல்லல."

"மாத்திரைய நிறுத்தினாரே?"

"நா ஒருத்தி வூட்டுல இருக்கறப்ப நிறுத்த வுட்டுடுவனா? போ, போயி ஒரு வாய் சாப்புடு."

அவர் தம்ளரைக் கவிழ்த்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்ததையும், 'தங்கச்சி கை மணம்' என்று சொல்லி உதட்டைத் துடைத்ததையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். சின்னப்பிள்ளை எழுந்து போனாள். பாதி வழியில் நின்று, திரும்பாமல், "அண்ணனுக்கு சின்னதுலேருந்தே கசப்பு ஆவாது," என்றாள். நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்துவிட்டாளா என்று ராசாத்திக்குத் தெரியவில்லை.

*

பால் தெளிக்கும் நாள் காலையில் ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள். சின்னப்பிள்ளை அடுப்படியில் இருந்தாள். ராசாத்தி கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே படபடவென்று கேட்டது. நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று இருந்தாள். இருக்க முடியவில்லை.

புட்போர்டு விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. வால் இறகு பிய்ந்து, அழுக்காகி, எங்கேயோ நனைந்து காய்ந்து, அதற்கும் பக்கத்தில் ஸ்டெப்னி. உதவாதது என்று பேர் வாங்கின ஸ்டெப்னி!

"விழுப்புரத்துலேருந்தா வரீங்க, சனியன்களா," என்றாள். "அவன் கதவ சாத்தி வச்சிருக்கக் கூடாது?"

ஜெயசீலன் வந்தால் இந்தத் தடவை கறிக்கடைதான். விரட்டிவிடுவதே அவற்றுக்கு நல்லது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனாள். அங்கே நின்றாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து அலமாரியைத் திறந்தாள்.

பெட்டியின் மேலிருந்த பிளாஸ்டிக் உறை லேசில் பிரியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தாள். மாஸ்க் கிளிமூக்கு மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரைத் தலைக்கு மேலும் இன்னொன்றைப் பிடரிக்கும் மாட்டினாள். மூக்கின் மேல் இருந்த கம்பியை அழுத்திவிட்டாள். கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே அது யாரோ பொம்பளை. கம்பு டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியேறினாள்.

ஏறும்போதே அவளுக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. இவை தன்னைப் பார்த்துப் பயந்து பறந்துவிட வேண்டும். யாரோ முகமூடிக்காரி என்று அலறியடித்துக்கொண்டு போக வேண்டும். ஆயுசு முழுக்க அந்த மனுசன் சொன்னதில் இந்த ஒன்றாவது சரியாக இருந்துவிட்டுப் போகட்டும்.

விசில் அவளிடம் இல்லை. இருந்தாலும் ஊதத் தெரியாது. டின்னின் மூடியைத் தட்டினாள்.

புட்போர்டு முதலில் இறங்கியது. அப்புறம் மற்ற இரண்டும். ஸ்டெப்னி நொண்டிக்கொண்டு வந்து அவள் கால்விரல் பக்கத்தில் நின்றது. இரண்டு வருசம் துண்டாலும் விளக்குமாற்றாலும் அடித்து விரட்டினவள் என்று அவற்றுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் வந்தன.

"போங்களேன்," என்றாள், மாஸ்க்குக்குள்.

ஒன்றும் போகவில்லை. ஒரு கைப்பிடி கம்பை அள்ளி விசிறினாள். தரையெல்லாம் கொத்துகிற சத்தம். தலைக்கு மேல் வடக்கிலிருந்து இன்னொன்று, தாமதமாக, தாழ்வாகச் சுற்றி வந்தது. கைப்பிடிச்சுவரில் கால் வைத்ததும் தடுமாறி, சமாளித்து, நேராக அவள் முழங்கையில் வந்து ஏறியது. செக்கர். அது கம்பைப் பார்க்கவில்லை. கழுத்தைச் சாய்த்து, வெள்ளைத் துணிக்கு மேலே தெரிந்த அவள் கண்களை எட்டிப் பார்த்தது. பிறகு மாஸ்க்கின் வாரை அலகால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, தோளுக்கு நடந்துபோய் உட்கார்ந்துகொண்டது.

கீழே வாசலில் ஆண்கள் கால் கழுவும் சத்தம் கேட்டது. ஜெயசீலன், "அம்மா" என்றான்.

ராசாத்தி மாஸ்க்கைக் கழற்றாமல், டின்னில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று குனிந்து பார்த்தாள்.